இடது கைக்கு ஒரு கிடார்

1

இங்கிலாந்தில், இந்தக் கவென்ட்ரியில் பிள்ளையார் நோன்பு கும்பிட வேண்டுமென்றால் முதலில் ஒரு படிவம் நிரப்ப வேண்டும். மண்டபம் நகராட்சியுடையது. கட்டடத்துக்குள் நெருப்பு கொண்டுவருவீர்களா, எத்தனை பேர் இருப்பீர்கள், எவ்வளவு நேரம் எரியும், யார் பொறுப்பு என்று வரிசையாகக் கேட்டிருப்பார்கள். ஏழெட்டு வருஷமாக அதை நிரப்புகிறவன் நான். நெருப்பை என்ன செய்வீர்கள் என்ற கட்டத்தில் முதல் வருஷம் உள்ளதை உள்ளபடி "விழுங்குவோம்" என்று எழுதிவிட்டேன். மறுநாளே ஒரு பெண்மணி தொலைபேசியில் கூப்பிட்டு, நாங்கள் வித்தை காட்டுகிற குழுவா என்று மிகுந்த மரியாதையோடு விசாரித்தார்.

தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். கார்த்திகை தீபத்திலிருந்து இருபத்தோராம் நாள் எங்கள் நகரத்தார் வீடுகளில் இந்த நோன்பு. மாவும் வெல்லமும் நெய்யும் பிசைந்து சின்னதாகப் பிடித்து, அதில் நூல் திரியைச் செருகி ஏற்றி, குடும்பத்தில் மூத்தவர் ஒவ்வொருவர் கையிலும் கொடுப்பார். அதற்கு இழை என்று பேர். எரிகிற சுடரோடு வாயில் போட்டுக்கொள்ள வேண்டும். சுடாது. நாக்கில் படுமுன் அணைந்துவிடும். இப்போதெல்லாம் படிவத்தில் "சிறு திரி, சில விநாடிகள்" என்று எழுதுகிறேன். ஒருவரும் கேள்வி கேட்பதில்லை.

சாப்பாடு முடிந்ததும் அரை மணி நேரம் நான் கிடார் வாசிப்பது இந்த மண்டபத்து வழக்கமாகிவிட்டிருந்தது. நான் வித்வான் இல்லை. வாரம் முழுக்க வேலை, சனி ஞாயிறில் கிடார் என்கிற வகை. சென்ற நோன்பில் வாசிக்கவில்லை. பந்தியில் எனக்குப் பக்கத்தில் இருந்த தேவகோட்டைக்காரத் தம்பி என் இடது கையைப் பார்க்காமலே கேட்டான்.

"அண்ணே, அடுத்து என்ன வாங்கப் போறீக? சும்மா இருக்க மாட்டீகளே."

"பாத்துக்கிட்டு இருக்கேன்" என்றேன்.

நாலு மாதமாகப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். அடுத்து எந்த வாத்தியம் வாங்குவது என்பது ஒரு மனிதனை நாலு மாதம் அலைக்கழிக்கும் விஷயமா என்று கேட்பீர்கள். என் மகள் உமையாள் என்னிடம் முகம் கொடுத்துப் பேசி மூன்று வருஷம் ஆகியிருந்தது. இரண்டும் ஒரே விஷயம்தான் என்பது எனக்கு ரொம்பத் தாமதமாகவே புரிந்தது.

2

பிஸ்கட் தொழிற்சாலையில் பொதி கட்டும் பிரிவுக்கு நான் மேற்பார்வை. அட்டை சிக்கிக்கொண்டால் இயந்திரத்தை நிறுத்திவிட்டு எடுக்க வேண்டும் என்பது விதி. புதிதாகச் சேர்கிறவர்களுக்கு அந்த விதியைச் சொல்லிக்கொடுப்பதே நான்தான். நோன்புக்கு ஐந்தாறு மாதம் முன்னால் ஒரு நாள் அவசரம். ஓடும்போதே இடது கையை விட்டேன். நடுவிரலும் மோதிர விரலும் பாதியோடு போய்விட்டன. யாரையும் குறை சொல்ல முடியாது.

செய்தி காரைக்குடிக்குப் போனதும் ஒவ்வொருவராகக் கூப்பிட்டார்கள். எல்லோரும் சொல்லிவைத்த மாதிரி ஒன்றைத்தான் சொன்னார்கள். "எடது கைதானே? சோத்துக் கைக்கு ஒண்ணும் ஆகலையில்ல? பிள்ளையார்தான் காப்பாத்துனாரு." நானும் ஆமாம் ஆமாம் என்றேன்.

ஆஸ்பத்திரியில் இளம் டாக்டர் ஒருத்தி, நீங்கள் எந்தக் கையைப் பயன்படுத்துவீர்கள் என்று கேட்டாள். "எதற்கு?" என்று திருப்பிக் கேட்டேன். அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். முப்பது வருஷமாக இங்கிலீஷ் பேசுகிறேன், இந்த மாதிரி இடத்தில் இன்னமும் வழுக்கி விழுகிறேன். நமக்கு ஒவ்வொரு கைக்கும் தனித்தனி இலாகா என்று அவளுக்கு எப்படி விளக்குவது?

பிறகு உதவித்தொகைக்கான படிவம். சமைக்க முடியுமா, சட்டைப் பித்தான் போட முடியுமா, உதவியில்லாமல் சாப்பிட முடியுமா. சாப்பிடுவது வலது கை, முடியும் என்று எழுதினேன். கால் கழுவுகிற கை எது என்று அதில் கட்டமே இல்லை. ஐம்பத்தைந்து வயதில் அந்த வேலையை மூன்று விரலோடு மறுபடி பழகினேன். அதை எந்த அதிகாரியிடமும் சொல்லவில்லை. மனைவி வள்ளியிடம்கூடச் சொல்லவில்லை. அவளாகவே புரிந்துகொண்டு குளியலறையில் ஒரு கைத்தெளிப்பான் பொருத்த ஆள் வரவழைத்தாள்.

ஆனால் கிடார்காரனுக்கு இடது கைதான் எல்லாம். கம்பிகளை அழுத்திச் சுரம் பிடிப்பது அந்தக் கை. வலது கை மீட்டுகிறது, அவ்வளவுதான். வீட்டில் மூன்று கிடார் இருக்கின்றன. முதலாவது காரைக்குடியில் படித்த காலத்தில், செக்காலையில் தேவாலயப் பாடகர் குழுவில் வாசித்த நண்பனிடம் வாங்கியது. மற்ற இரண்டும் இங்கே வந்தபின் ஆசைக்கு வாங்கியவை. கட்டுப் பிரித்ததும் மூன்றையும் எடுத்துப் பார்த்தேன். கட்டைவிரல், சுட்டுவிரல், சுண்டுவிரல். சின்னப் பிள்ளை பிடிக்கிற முதல் சுரக்கட்டுக்கே, அதாவது பல கம்பிகளைச் சேர்த்து அழுத்துகிற பிடிக்கே, மூன்று விரல் நுனி வேண்டும். கட்டைவிரல் பின்னாலிருந்து தாங்கத்தான், அழுத்த என்னிடம் இரண்டுதான் இருந்தன. மூன்றையும் பெட்டியில் வைத்து மூடிவிட்டேன். அன்றைக்குக் குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதேன்.

3

அழுது முடித்ததும் கடைகளுக்குப் போக ஆரம்பித்தேன்.

முதலில் மவுத் ஆர்கன். விரலே தேவையில்லை, சட்டைப் பையில் அடங்கும். ஆனால் அதை ஊதினால் கூடவே பாட முடியாது. எனக்குப் பாட வேண்டும், சுமாராகத்தான் பாடுவேன் என்றாலும். அடுத்து கீபோர்டு. கட்டையை அமுக்கினால் சத்தம் வருகிறது. யார் அமுக்கினாலும் அதே சத்தம். கம்பி அப்படியில்லை, நாம் அழுத்துகிற அழுத்தத்துக்குத் தகுந்த மாதிரிப் பேசும். இரண்டு வாரத்தில் அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

மூன்றாவது, மடியில் படுக்க வைத்து வாசிக்கிற ஸ்டீல் கிடார். அதில் விரலால் அழுத்த வேண்டியதில்லை. ஒரு இரும்புத் துண்டை இடது கையில் பிடித்துக் கம்பிமேல் நகர்த்தினால் போதும். கட்டைவிரலும் சுட்டுவிரலும் அதற்குத் தாராளம். கடைக்காரர், அறுபது வயசிருக்கும், தாடிக்காரர், வீட்டுக்கு எடுத்துப்போய் ஒரு வாரம் வாசித்துப் பாருங்கள் என்று கொடுத்தனுப்பினார். வாசித்தேன். சுரத்துக்குச் சுரம் இழுத்துக்கொண்டு போயிற்று.

வள்ளி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். "யாரு வீட்டு எழவு இது?"

"பழகணும்ல."

"பழகுங்க. ஆனா கேதத்துக்குத்தான் உங்களக் கூப்பிடுவாக."

அவள் சொன்னது உண்மை. என் மனசு இருந்த இருப்புக்கு அந்த வாத்தியம் ரொம்பப் பொருத்தமாக இருந்தது. அதனாலேயே வேண்டாம் என்று திருப்பிவிட்டேன்.

நாலாவது யோசனை இணையத்தில் கிடைத்தது. என்னைப் போலவே இடது கை விரல்களை இழந்த ஒருவர் எழுதியிருந்தார். இடது கைக்காரர்களுக்கான கிடார் இருக்கிறது, எல்லாம் கண்ணாடியில் பார்க்கிற மாதிரித் திருப்பி வைத்திருக்கும், அதில் வலது கை சுரம் பிடிக்கும், இடது கை மீட்டும், மீட்டுவதற்குக் கட்டைவிரலும் சுட்டுவிரலும் போதும் என்று. படித்ததும் மடிக்கணினியை மூடிவிட்டேன். எத்தனையோ தீர்வு இருக்க, பிள்ளையார் எனக்கு இதைத்தான் மிச்சம் வைத்திருந்தார்.

நாலு நாள் கழித்து வள்ளியிடம் சொன்னேன். அவள் காய் நறுக்குவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். சிரிக்கவில்லை.

"எடது கை கிடாரு" என்றாள். "நீங்க வாசிக்கப் போறீக."

மறுபடி காய் நறுக்க ஆரம்பித்தாள். அந்த ஒரு வாக்கியம் என்னைக் குத்தியது.

4

உமையாள் பிறவியிலேயே இடது கைக்காரி. இரண்டு வயதில் கிலுகிலுப்பையை எந்தக் கையில் கொடுத்தாலும் மாற்றிக்கொள்வாள். எங்களுக்கு அது ஒரு பொருட்டாகப் படவில்லை. இங்கே எத்தனையோ பேர் அப்படி இருக்கிறார்கள், யாரும் கவனிப்பதில்லை.

அவளுக்கு எட்டு வயது நடந்தபோது பங்காளிகள் எல்லோரும் கண்டனூரில் இருக்கிற பூர்வீக வீட்டைத் திறந்து சேர்ந்து நோன்பு கும்பிடுவதென்று பேசி முடித்தார்கள். கல்யாணம் காட்சிக்கு மட்டும் திறக்கிற வீடு. பள்ளி விடுமுறையும் ஒத்துவந்ததால் நாங்களும் போனோம். அவளுக்கு அந்த வீடு பிடித்திருந்தது. வளவில், அதாவது உள்முற்றத்தில், இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் ஓடிக்கொண்டே இருந்தாள். காரைக்குடியில் வாங்கிய பச்சைப் பட்டுப்பாவாடையைக் கழற்ற மாட்டேன் என்று இரண்டு நாள் அதோடேயே தூங்கினாள்.

இழை கொடுத்தது என் பெரியப்பச்சி; அப்பாவை நாங்கள் அப்பச்சி என்போம், இவர் அப்பாவின் அண்ணன். அறுபது எழுபது பேர் வரிசையில் நின்றோம். உமையாள் முறை வந்தது. இடது கையை நீட்டினாள்.

"வலது கைய நீட்டு ஆத்தா" என்றார் பெரியப்பச்சி. கோபமாகச் சொல்லவில்லை.

அவள் கையை மாற்றினாள். சுடர் பக்கத்தில் வந்ததும் பயத்தில் மறுபடி இடது கை முன்னால் வந்துவிட்டது. பெரியப்பச்சி கையைப் பின்னால் இழுத்துக்கொண்டார். வரிசையில் பின்னாலிருந்து ஒரு ஆச்சியின் குரல் கேட்டது.

"சீமையில வளந்த புள்ள பாரு. எந்தக் கை எதுக்குன்னுகூடச் சொல்லிக் குடுக்கல போல."

சிலர் சிரித்தார்கள். என் முகம் சூடானது. நான் உமையாளின் இடது கையைப் பிடித்து அவள் முதுகுக்குப் பின்னால் வைத்து இறுக்கிக்கொண்டேன். வேறு வழியில்லாமல் வலது கையை நீட்டினாள். பழக்கமில்லாத கை. இழை சாய்ந்தது, நெய்யும் சுடருமாக உள்ளங்கையில் ஒட்டிக்கொண்டது. உதறினாள். பாவாடையில் விழுந்து கருகிப் பொத்தலாயிற்று. அவள் கத்திய சத்தம் வளவு முழுக்கக் கேட்டது. அந்த நேரத்திலும் நான் இடது கையை விடவில்லை. பிடித்திருக்கிறேன் என்பதே எனக்கு உறைக்கவில்லை. வள்ளிதான் வந்து என் விரல்களைப் பிரித்துவிட்டாள்.

தண்ணீர் ஊற்றினார்கள், களிம்பு தடவினார்கள். பெரியப்பச்சி மனசு கேட்காமல், "வேண்டாம்டா, இன்னைக்கு விட்டுரு" என்றார். நான் விடவில்லை. நோன்பு நாளில் இழை எடுக்காமல் இருந்தால் நல்லதில்லை என்றேன். தேம்பிக்கொண்டே வெந்த வலது கையை நீட்டி இரண்டாவது இழையை வாங்கி வாயில் போட்டுக்கொண்டாள். கெட்டிக்காரி கெட்டிக்காரி என்று எல்லோரும் அவள் தலையைத் தடவினார்கள். எனக்குப் பெருமையாக இருந்தது. இதை எழுதக் கூசுகிறது, ஆனாலும் அன்றைக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

5

அதோடு விட்டிருந்தால் அது ஒரு விபத்து. கவென்ட்ரிக்குத் திரும்பியதும் நான் செய்ததை அப்படிச் சொல்ல முடியாது.

சாயங்காலம் வீட்டுப்பாடம் எழுத உட்காரும்போது அவள் இடது கையில் அவளுடைய பள்ளிக்கூட வெள்ளை சாக்ஸை மாட்டி, மணிக்கட்டில் தலைமுடி ரப்பர் போடுவேன். எழுதி முடிக்கிற வரை கழற்றக் கூடாது. இரண்டு வருஷம். ஒரு நாளும் அடித்ததில்லை, சத்தம் போட்டதில்லை. அதைச் சொல்லியே என்னை நான் நல்லவனாக நினைத்துக்கொண்டிருந்தேன். ஊருக்குப் போனால் நாலு பேர் முன்னால் அவள் தலைகுனியக் கூடாது என்பதுதான் என் நியாயம். உண்மையில் யாருடைய தலை என்று இப்போது தெரிகிறது.

பள்ளியில் அவளுக்கென்று இடது கைக் கத்தரிக்கோல் கொடுத்தார்கள், பச்சைப் பிடி போட்டது. ஒரு நன்றிக் கடிதத்தோடு அதைத் திருப்பி அனுப்பினேன். ஆசிரியை என்னைக் கூப்பிட்டு, குழந்தை எழுதும்போது கை நடுங்குகிறது, வீட்டில் ஏதாவது மாற்றுகிறீர்களா என்று கேட்டாள். "இது எங்கள் கலாச்சாரம்" என்றேன். அந்த ஒரு வார்த்தையைச் சொன்னால் இந்த நாட்டில் பல கதவுகள் மரியாதையாகச் சாத்திக்கொள்ளும். அவள் ஏதோ குறித்துக்கொண்டாள். அதோடு முடிந்தது. அந்தப் பெண் இன்னும் கொஞ்சம் பிடிவாதக்காரியாக இருந்திருக்கலாம் என்று இப்போது ஆத்திரம் வருகிறது. அடுத்தவர் மேல் ஆத்திரப்படுவது எளிது.

ஒன்பதாவது பிறந்த நாளுக்குச் சின்னக் கிடார் ஒன்று வாங்கிக் கொடுத்தேன். ஆசையோடுதான் வாங்கினேன். இருவரும் சேர்ந்து வாசிக்கலாம் என்று எத்தனையோ கற்பனை. அவள் அதை வாங்கியதும் சட்டென்று மறுபுறமாகத் திருப்பி மடியில் வைத்துக்கொண்டு, இடது கையால் கம்பிகளை ஒரு வீச்சு வீசினாள். கம்பிகள் தலைகீழாக இருந்தன, சுருதியும் சேரவில்லை. முகத்தில் அப்படி ஒரு சிரிப்பு.

"அப்படி இல்லம்மா, இப்படி" என்று திருப்பி வைத்தேன்.

சனிக்கிழமை தோறும் அரை மணி நேரம். ஒவ்வொரு தடவையும் அவள் திருப்புவாள், நான் மாற்றி வைப்பேன். கிடாரில் இடது கைக்குத்தானே வேலை அதிகம், உனக்கு லாபம்தானே என்று தர்க்கம் வேறு. சில மாதங்களில் திருப்புவதை நிறுத்திவிட்டாள். சொன்னபடி வாசித்தாள். சிரிக்கவில்லை. பதினாலு வயதில் கிடாரைத் தொடுவதையும் நிறுத்தினாள். பதினெட்டில் படிக்க பிரிஸ்டலுக்குப் போனாள், அங்கேயே வேலை. வருவது குறைந்தது. வந்தாலும் மாடியறையில் இருப்பாள்.

கடைசியாக வந்தபோது அவளுக்கு இருபத்து மூன்று. சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். குழம்புக் கரண்டியை எடுக்க அவள் எட்டினாள். எந்தக் கை என்று நான் சரியாகப் பார்க்கக்கூட இல்லை. "வலது கை" என்று என் வாய் சொல்லிவிட்டது.

அவள் கரண்டியைப் பாத்திரத்திலேயே விட்டாள். தட்டை எடுத்துக் கழுவி வைத்தாள். மாடிக்குப் போய்ப் பையை எடுத்துக்கொண்டு ரயிலுக்குக் கிளம்பிவிட்டாள். அவள் எட்டியது வலது கையால்தான் என்று வள்ளி பிறகு சொன்னாள்.

விரல் போன அன்று ஆஸ்பத்திரிக்கு வந்திருந்தாளாம். "நீங்க மயக்கத்துல இருந்தீக. ஒரு மணி நேரம் உக்காந்திருந்தா. முழிக்கப் போறாருன்னு நர்ஸ் சொன்னதும் கெளம்பிட்டா" என்றாள் வள்ளி. அதை என்னிடம் சொல்லவே அவளுக்கு ஒரு மாதம் ஆயிற்று.

6

நோன்பு முடிந்த வாரம் கடைக்குப் போனேன். தாடிக்காரர் என் கையையும் முகத்தையும் பார்த்துவிட்டு, என்ன முடிவு செய்தீர்கள் என்றார். சொன்னேன். கடையின் மூலையில் இடது கைக் கிடார்கள் இரண்டே இரண்டு தொங்கின. மற்றச் சுவரெல்லாம் வலது கைதான்.

"புதிதாக வாங்குவதற்கு முன் ஒன்று சொல்கிறேன்" என்றார். "உங்களிடம் இருக்கிற கிடாரையே மாற்றிக் கட்டித் தரலாம். கழுத்து உச்சியில் கம்பிகளைத் தாங்குகிற சின்னக் கட்டையை மாற்றி, கம்பிகளைத் தலைகீழாகப் பூட்டினால் ஆயிற்று. அரை மணி நேர வேலை."

"சின்னக் குழந்தைகள் வாசிக்கிற கிடாரையும் மாற்றலாமா?"

"அது இன்னும் சுலபம். ஏன், வீட்டில் குழந்தை இருக்கிறதா?"

அரை மணி நேர வேலை. ஐந்து வருஷம் சனிக்கிழமை தோறும் நான் அந்தப் பிள்ளையோடு மல்லுக்கட்டியது அதே அரை மணி நேரம்தான். எனக்குத் தெரியாது என்று சொல்ல வாய் வருகிறது. கேட்டிருந்தால் யார் வேண்டுமானாலும் சொல்லியிருப்பார்கள். நான் கேட்கவில்லை.

"என் மகள் இடது கைக்காரி" என்றேன். வெளியாள் ஒருவரிடம் நான் அதைச் சொன்னது அதுதான் முதல் தடவை.

"அப்படியா, என் மனைவியும்" என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டு, மூலையிலிருந்து ஒரு கிடாரை எடுத்துக் கொடுத்தார்.

பழையதை மாற்றிக் கட்ட எனக்கு மனமில்லை. யாரும் திருத்தாத, பிறக்கும்போதே இடது கைக்காக என்று பிறந்த ஒன்று வேண்டியிருந்தது. வாங்கிவந்தேன். யாருக்காக வாங்கினேன் என்று வள்ளி கேட்கவில்லை. கேட்டிருந்தால் என் கைக்காக என்று பொய் சொல்லியிருப்பேன்.

வீட்டில் வாசித்துப் பார்த்தேன். முப்பத்தைந்து வருஷமாகக் கிடார் வாசிக்கிறவன், ஒரு சுரக்கட்டு பிடிக்க முடியவில்லை. என்ன செய்ய வேண்டும் என்று எனக்குத் தெரியும், வலது கை விரல்களுக்குத் தெரியவில்லை. ஒவ்வொரு விரலையும் மற்றக் கையால் எடுத்து இடத்தில் வைத்தேன். இடது கை மீட்டியது தாளத்தில் நிற்கவில்லை. பத்து நிமிஷத்தில் எரிச்சலில் கண்ணில் தண்ணீர் முட்டியது. எனக்கு யாரும் சாக்ஸ் மாட்டவில்லை, யாரும் எதிரில் உட்கார்ந்து திருத்தவில்லை. எட்டு வயசில் அவள் இதைத் தினமும் செய்தாள். அதுவும் எழுத்தும் கணக்கும்.

வள்ளியிடம் சொன்னேன். "எடது கை கிடாரு ஒண்ணு வாங்கியிருக்கேன், எனக்குப் புடிக்கத் தெரியலன்னு அவகிட்டச் சொல்லு. வந்து சொல்லிக் குடுப்பாளான்னு கேளு."

"நீங்களே கேளுங்க."

"நான் கேட்டா வர மாட்டா."

"அதுக்காகத்தான் நீங்க கேக்கணும்" என்றாள்.

குறுஞ்செய்தி அனுப்பினேன். ஒன்பது நாள் பதில் இல்லை. பத்தாவது நாள் வந்தது: "ஞாயித்துக்கிழமை வாரேன். மதியம்."

7

அவள் பேசுகிற தமிழைக் கேட்டால் பிரிஸ்டலில் இருக்கிறவள் என்று யாரும் நம்ப மாட்டார்கள். எங்கள் இருவரிடமிருந்து மட்டும் கற்றதால் அப்படியே கண்டனூர்த் தமிழ். அதை எண்ணி நான் பெருமைப்படாத நாளில்லை.

வந்தாள், அம்மாவைக் கட்டிக்கொண்டாள். என் கையைப் பார்த்தாள். "வலிக்குதா?" என்றாள். "இப்ப இல்ல" என்றேன். கூடத்தில் எதிரெதிரே உட்கார்ந்தோம். சொல்ல வேண்டியதையெல்லாம் ஒரு வாரமாக மனப்பாடம் செய்து வைத்திருந்தேன். ஒன்றும் வரவில்லை. பெட்டியைத் திறந்து கிடாரை அவளிடம் நீட்டினேன்.

வாங்கி, கொஞ்ச நேரம் கம்பிகளையே பார்த்தாள். பிறகு நான் கற்றுக்கொடுத்த மாதிரி, வலது கைக்காரர் பிடிக்கிற மாதிரி மடியில் வைத்துக்கொண்டாள். கம்பிகள் அவளுக்குத் தலைகீழாக இருந்தன.

"இல்லம்மா" என்றேன். "அங்குட்டுத் திருப்பி வச்சுக்க. இது உன் கைக்குத்தான்."

திருப்பி வைத்தாள். வலது கை விரல்களைக் கம்பிமேல் வைக்கப் பார்த்தாள், வழுக்கின. இடது கையால் மீட்டினாள். எங்கேயோ பட்டு எங்கேயோ ஒலித்தது. மறுபடி ஒரு தடவை. இன்னொரு தடவை. அவள் உதடு கோணிக்கொண்டது. இடது கையை மெல்லக் கீழே இறக்கி மடிப்பக்கத்தில் வைத்தாள்.

"எனக்கு வரல அப்பச்சி."

"பழகுனா வரும்மா. எனக்கும்தான் வரல."

"உங்களுக்கு விரல் இல்ல. எனக்கு இருக்கு, வரல." குரலில் கோபமே இல்லை. "பேனா, கத்தி, கரண்டி, பல் தேய்க்கிறது, எல்லாமே வலதுலதான். ரொம்ப வருசமாச்சு. தனியா இருக்கும்போது சில நேரம் எடது கையில என் பேர எழுதிப் பாப்பேன். எட்டு வயசுப் புள்ள எழுத்து மாதிரி இருக்கும். அதுக்கு மேல அது வளரல."

மடிப்பக்கம் கிடந்த அந்தக் கையைப் பார்த்தேன்.

"நீங்க ஜெயிச்சிட்டீக" என்றாள்.

"தப்புப் பண்ணிட்டேன் உமையா" என்றேன். மனப்பாடம் செய்ததில் அது ஒன்றுதான் மிச்சம் இருந்தது. "அந்தச் சாக்ஸு, கண்டனூர்ல உன் கையைப் புடிச்சது, எல்லாம். மன்னிச்சிரும்மா."

அவள் என்னை நேராகப் பார்த்தாள். மூன்று வருஷத்தில் முதல் தடவையாக.

"நீங்க இதச் சொல்லணும்னு எத்தனையோ தடவ நெனச்சிருக்கேன் அப்பச்சி" என்றாள். "ஆனா நீங்க மன்னிப்புக் கேக்க வேண்டிய புள்ள இப்ப இல்லையே. நான் யாரு அவளுக்காகச் சரின்னு சொல்ல?"

கிடாரை எடுத்து என் மடியில் வைத்தாள். வைக்கும்போது என் விரல்களில் படாமல் பார்த்து வைத்தாள். பிறகு எழுந்து அம்மாவுக்கு உதவ அடுப்படிக்குப் போனாள். ராத்திரி சாப்பிட்டுவிட்டுத்தான் கிளம்புவேன் என்று அங்கிருந்து அவள் சொன்னது கேட்டது. அதுவே எனக்கு அதிகம்.

வெங்காயம் நறுக்க ஆரம்பித்தாள். கூடத்திலிருந்து பார்த்தால் அவள் முதுகும் வலது முழங்கையும் தெரிந்தன. கத்தி பலகையில் விழுகிற சத்தம் நிற்காமல், தடுமாறாமல், ஒரே சீராக வந்துகொண்டிருந்தது. நன்றாகத்தான் கற்றுக்கொடுத்திருக்கிறேன்.